மலை ஓடும் ஊரில் ஒரு மாநாடு

பொருட்கள் எப்படி ஓடுகின்றன என்று படிக்கும் ரியாலஜித் துறையினரான எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை மலைநாட்டில் வைப்பதென்று முடிவானதும் செயற்குழுவில் முதலில் எழுந்த கேள்வி, எந்த மாதம்? கொழும்பிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர் ஒக்டோபர் என்றார். அமெரிக்க ரியாலஜி சங்கம் பெரும்பாலும் ஒக்டோபரில்தான் கூடுகிறது. அங்கே போய்வந்தவர் அவர், அந்தப் பழக்கம். நான் வாய் திறப்பதற்குள் பதுளைப் பக்கத்து விஞ்ஞான ஆசிரியை ஒருவர், “ஒக்டோபர் 29 ஞாபகம் இருக்கா சேர்?” என்று கேட்டார். ஒக்டோபர் பேச்சு அதோடு நின்றது.

2014 ஒக்டோபர் 29 காலையில்தான் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு கழன்று வந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் உண்டு. அவர்களில் யாரையாவது தெரிந்தவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் நிறையப் பேர்.

நான் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன். பிறந்தது லயத்தில். பொருட்கள் எப்படி ஓடுகின்றன என்று படிப்பவர்கள் எங்கள் ஊரில் வந்து கூடும்போது, ஓடக்கூடிய மலையின் அடியில் குடியிருப்பவர்களையும் உள்ளே கூப்பிட வேண்டும். ஏற்பாட்டுக் குழுவில் எனக்கிருந்த பிடிவாதம் இது ஒன்றுதான். இப்படி ஒரு கூட்டத்தை மலையில் நடத்த நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ரியாலஜி என்றால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். பாய்வியல் என்றேன், யாருக்கும் விளங்கவில்லை. பற்பசையை அமுக்கினால் வருகிறது, அமுக்காவிட்டால் தூரிகையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தயிர், சீமெந்துக் கலவை, இறப்பர் பால், மழையில் ஊறிய மண் எல்லாம் இந்தச் சாதிதான். திண்மமா திரவமா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. இவற்றுக்கென்று ஒரு தனிப் படிப்பு வேண்டுமென்று பேர் வைத்தவர் யூஜின் பிங்ஹாம் என்ற அமெரிக்க வேதியியலாளர். அங்கே சங்கம் உருவானது 1929இல். அதன் வாசகம் கிரேக்க ஞானி ஹெராக்ளிட்டஸ் பேரில் வழங்குவது: எல்லாம் ஓடுகிறது.

இந்தத் துறையில் தெபோரா எண் என்று ஒன்று இருக்கிறது. 1964இல் மார்க்கஸ் ரெய்னர் வைத்த பெயர். விவிலியத்தில் தெபோரா பாடும் பாட்டில் ஆண்டவர் முன்னால் மலைகள் ஓடியதாக வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டார் ரெய்னர். ஒரு பொருள் தளர்ந்து கொடுக்க எடுக்கும் நேரத்தை, நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தால் வகுக்க வேண்டும். விடை பெரிதானால் அது நமக்குத் திண்மம், சிறிதானால் திரவம். மனிதனின் அற்ப ஆயுளில் மலை நிற்கிறது. ஆண்டவரின் கணக்கில் அது ஓடுகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “மலை ஓடுறதுக்கு அவ்வளவு நாளெல்லாம் வேணாம், ஒரு ராத்திரி மழை போதும்” என்றார். ரெய்னர் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்.

சரி, மாதத்துக்கு வருவோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், கினிகத்தேனை, நுவரெலியா பக்கத்தை நனைக்கும். அரநாயக்கவில் மலை சரிந்தது 2016 மே 17. ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவம். பிற்பகல் இடி மழை, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம். டிசெம்பர் பிறந்தால் வடகீழ் மழை பதுளைச் சரிவுகளில் இறங்கும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம், அறை வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். ஜூலை, ஓகஸ்டில் கண்டியில் பெரஹரா ஊர்வலம். மிஞ்சியது பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிவு வரை. அதற்குள்ளும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளையும் சிவராத்திரியையும் பார்க்க வேண்டும். போயா அன்று மது விற்பனை கிடையாது. வெளிநாட்டு விருந்தினருக்கான இராப்போசனத்தை அன்றைக்கு வைத்துவிட்டு விழித்த குழு ஒன்றை எனக்குத் தெரியும். சிவராத்திரியில் தோட்டத்துக் கோயிலில் கண் விழித்தவரை மறுநாள் காலை எட்டரை மணி அமர்வுக்கு யாரும் கூப்பிட முடியாது. கடைசியில் மார்ச் இரண்டாம் வாரம், நுவரெலியா, வெள்ளி முதல் திங்கள் வரை என்று தீர்மானித்தோம்.

நுவரெலியாவைத் தேர்ந்ததற்குக் காரணம் குளிர் அல்ல, பாதை. கண்டியிலிருந்து றம்பொடை வழியாக ஏ5, அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக ஏ7, நானுஓயாவுக்கு ரயில். பதுளைக்காரர்கள் வெலிமடை வழியாக வரலாம். மலையில் ஒரே பாதையை நம்பி இருநூறு பேரைக் கூப்பிடுவது தப்பு. ஒரு மண்மேடு பாதையில் விழுந்தால் முதல்நாள் பிரதான உரையாளர் வழியில் ஏதாவது தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பார்.

கைநூலில் மழை அளவுகளையும் போட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் எல்லைகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற வேண்டும். முதல் எல்லையிலேயே களப்பயணம் இரத்து என்று எழுதி, அதை அறிவிக்கும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுத்தோம். இப்படி நேரத்தில் குழு கூடிப் பேசிக்கொண்டிருந்தால் பஸ் புறப்பட்டுவிடும்.

150 மில்லிமீற்றர் என்பது வெறும் எண்ணாகத் தெரியலாம். தோட்டத்து வீட்டுத் திட்டங்களில் கொடுத்துவந்த 7 பேர்ச் காணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீட்டர். அப்படியானால் அந்தக் காணியில் மட்டும் ஒரு நாளில் 26,500 லீட்டர், அதாவது இருபத்தாறு தொன்னுக்கு மேல் தண்ணீர். ஒரு பகுதி வழிந்தோடும், மற்றது மண்ணுக்குள் போகும். போகிற தண்ணீர் மண் துணிக்கைகளுக்கு நடுவே புகுந்து அவை ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தும்.

மண்டபத்தில் எங்களுக்கு நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை மாணவர்களின் சுவரொட்டிகளை இரட்டைப் பக்க டேப் போட்டுச் சுவரில் ஒட்டினோம். மறுநாள் காலை பார்த்தால் எல்லாம் நாலு விரல் கீழே இறங்கியிருந்தன, இரண்டு தரையில். ஈரச் சுவர், குளிர், காகிதத்தின் எடை. டேப்பில் உள்ள பசை இராத்திரி முழுக்க மெதுவாக ஓடியிருக்கிறது. ஒரு மாணவி ஒட்டிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் நடுவே அளவுகோல் வைத்துப் படம் எடுத்துத் தன் சுவரொட்டியிலேயே ஒட்டிவிட்டாள். சிறந்த சுவரொட்டிக்கான பரிசை அவளுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நடுவர்கள் அப்படி நினைக்கவில்லை.

கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகு, கித்துள் பாணி, அதுவும் எங்களைக் கைவிட்டது. புனலில் ஊற்றி எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று காட்டுவதாக ஏற்பாடு. பேராதனையில் ஒத்திகை பார்த்தபோது நாற்பது விநாடி. நுவரெலியா காலைக் குளிரில் இரண்டு நிமிடத்துக்கும் மேலாகியும் சொட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த பேச்சாளர் மேடையோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாகு வெப்பநிலைக்கு எப்படி மாறும் என்று படித்த நாங்களே சுடுநீர்ப் போத்தல் எடுத்துப் போக மறந்திருந்தோம்.

மொழிபெயர்ப்பு இதையெல்லாம்விடச் சிக்கல். மூன்று மொழியிலும் கூட்டம் என்று அறிவித்திருந்தோம். தமிழுக்கு வந்த இளைஞர் நன்றாகச் செய்தார், ஆனால் படித்தது சென்னையில். அவர் தகைவு, திரிபு, பாகுநிலை என்றார். எங்கள் பாடப்புத்தகத்தில் அவை தகைப்பு, விகாரம், பிசுக்குமை. பின்வரிசை ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேநீர் இடைவேளையில் உட்கார்ந்து இருபது சொல்லுக்கு ஒரு பட்டியல் போட்டோம். அதை இரண்டு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டும். மெதுவாக ஊர்ந்து நகர்வதற்கு மட்டும் யாரிடமும் நல்ல சொல் இல்லை. தோட்டத்தில் எப்போதோ இருக்கிறது: “மண்ணு இறங்குது.” சரிவது வேறு, இறங்குவது வேறு. அதையே பட்டியலில் சேர்த்தோம்.

பொது அமர்வை ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்தோம். வேலை நாளில் வைத்தால் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, போய்விடும்; அரை நாள் வந்துவிட்டுப் போனாலும் அரைப் பேர்தான். சம்பளத்தை இழந்து அறிவியல் கேட்க யாரையும் கூப்பிடக் கூடாது. ஞாயிறு காலையில் டவுனுக்குச் சாமான் வாங்கப் போவார்கள், ஆகவே பிற்பகல். பஸ்ஸும் சாப்பாடும் சங்கச் செலவு. பொருளாளர் முணுமுணுத்தார், கொடுத்தார்.

அன்று நான் கொண்டுபோனது நாலங்குலப் பிவிசி குழாய்த் துண்டு ஒன்று, உயரமும் நாலங்குலம். ஒரு வாளி மலைச்சரிவு மண், கல் நீக்கியது. ஒரு தட்டு, ஒரு கிளாஸ். சீமெந்துக் கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று பார்க்கக் கட்டுமான இடத்தில் கூம்பு வைத்து எடுப்பார்களே, அதன் ஏழை உறவினர் இது. குழாயைத் தட்டில் நிறுத்தி, மண்ணை அமுக்கி நிரப்பி, நேராகத் தூக்கினேன். மூங்கில் குழலிலிருந்து தள்ளிய புட்டு மாதிரி நின்றது. வாளியில் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து மறுபடி. அப்போதும் நின்றது. இரண்டாவது கிளாஸ்: தோள் சற்றுத் தொங்கியது. மூன்றாவது: பாதி உயரத்துக்கு உட்கார்ந்தது. அடுத்து அரைக் கிளாஸ்தான் விட்டேன். குழாயைத் தூக்கியதும் தட்டு முழுக்கப் பரவி விளிம்பைத் தாண்டி மேசைத் துணியில் ஓடியது. முதல் இரண்டு கிளாஸையும் தாங்கிய மண்ணுக்குக் கடைசி அரைக் கிளாஸைத் தாங்க முடியவில்லை.

முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் கையைத் தூக்கினார். “தம்பி, எங்க லயத்துக்குப் பின்னால இருக்கிற மண்ணு இப்ப எத்தனாவது கிளாஸ்ல இருக்கு?”

மேடையில் நான்கு பேராசிரியர்கள் இருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மூவர் பேராசிரியர்கள், நான் ஒருவன் இல்லை. யாரிடமும் பதில் கிடையாது. உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். ஆனால் மண் இறங்கத் தொடங்கினால் காட்டிக்கொடுக்கும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு. மரமும் மின்கம்பமும் சாய்வது. இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று வருவது, அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று நிற்பது, தெளிந்த தண்ணீர் கலங்கலாக வருவது. கதவு, ஜன்னல் இறுகுவது. இவற்றைக் கண்டால் கிராம உத்தியோகத்தரிடமோ 117 என்ற அனர்த்த முகாமைத்துவ இலக்கத்திலோ சொல்ல வேண்டும். மழை நேரமானால் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது.

“பின்கதவு போன மழையிலிருந்து சாத்த வருதில்லை. பலகை ஊறிருச்சுன்னு நெனச்சோம்” என்றார் அந்த அம்மா. பலகை ஊறியதாகவும் இருக்கலாம்.

திங்கள் காலை சங்கத்தின் பொதுக்கூட்டம், நிர்வாகிகள் தேர்வு. நானும் பதுளை ஆசிரியையும் அதற்குப் போகாமல் அந்த லயத்துக்குப் போனோம். பின்னால் மானாப்புல் மூடிய மேட்டில், புல்லை விலக்கினால் விரல் நுழையும் அகலத்தில் ஒரு வெடிப்பு, மூன்று மீற்றர் நீளம். வெடிப்புக்கு இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, நடுவே சரியாக ஒரு மீற்றர் வரும்படி ஆணி வைத்தோம். அதே பிற்பகல் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்தோம். பேரன் பத்தாம் வகுப்பு. அவனிடம் அளவு நாடாவைக் கொடுத்து ஞாயிறு தோறும் அளந்து அனுப்பச் சொன்னோம். ஒரு நாளைக்கு 75 மில்லிமீற்றர் பெய்தால் அளக்கப் போகவே வேண்டாம், எல்லோரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போ என்று பாட்டிக்கு முன்னால் சொன்னோம்.

திரும்பி வந்தபோது என்னை அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கும் செயலாளராகத் தேர்ந்துவிட்டிருந்தார்கள். குழாய்த் துண்டை ஆசிரியை பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டார், இன்னொன்று வெட்ட வேண்டும்.

போன ஞாயிறு வந்த குறுஞ்செய்தி: “100.0. மாற்றம் இல்லை சேர்.” இது ஏப்ரல். மே மழை இன்னும் தொடங்கவில்லை.