விசேஷங்களுக்கு வீட்டிலேயே இனிப்பு செய்து கொடுப்பவர்களுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு

வளைகாப்புக்கு லட்டு, கிரகப்பிரவேசத்துக்குத் தாம்பூலப் பையில் போட மைசூர்பாகு என்று வீட்டு அடுப்பிலேயே ஆர்டர் எடுத்துச் செய்து கொடுப்பவர்கள் இப்போது நிறையப் பேர். கடையும் போர்டும் இல்லாததால் அரசுப் பதிவு எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். பதிவு தேவை. உரிமமோ பதிவோ இல்லாமல் உணவுத் தொழில் செய்யக்கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. சமைக்கும் இடம் வீடு என்பதற்காக அதில் விலக்கு கிடையாது.

இதைக் கேட்டுப் பயந்து ஆர்டரை விட்டுவிடாதீர்கள். சிறிய அளவில் செய்பவருக்கு உரிமம் வேண்டாம், பதிவே போதும். 2011-இல் வந்த விதிகள், சமய, சமூக விழாக்களில் உணவு வழங்குபவரையும் சிறு உற்பத்தியாளர் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கின்றன. அதே வரையறை கேட்டரிங் செய்பவரை மட்டும் வெளியே வைக்கிறது. ஆகவே இனிப்பை டப்பாவில் கட்டி மண்டபத்தில் இறக்கிவிட்டு வருவது ஒரு பிரிவு, பந்தி பரிமாறும் பொறுப்பையும் சேர்த்து எடுப்பது வேறு பிரிவு. விண்ணப்பத்தில் எதைக் குறிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அந்த விதிகள் வைத்த வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் விற்பனை. வரம்புகள் திருத்தப்படுவது உண்டு என்பதால் விண்ணப்பிக்கும் நாளில், கீழே சொல்லும் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற இணையதளத்தில், பதிவுக்கான விண்ணப்பமான 'படிவம் ஏ' நிரப்ப வேண்டும். புகைப்படம், அடையாளச் சான்று, சமைக்கும் இடத்தின் முகவரிச் சான்று இருந்தால் போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள், கைபேசியிலேயே முடித்துவிடலாம். கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையை உட்காரவைத்துச் செய்யுங்கள்.

விண்ணப்பித்த பின் காத்திருப்பதைப் பற்றி விதி தெளிவாகவே பேசுகிறது. 7 நாளுக்குள் அலுவலர் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகத் தெரிவிக்க வேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு வர வேண்டும். எதுவுமே வராவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று அந்த விதியிலேயே இருக்கிறது. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அதுதான் அப்போது உங்கள் பிடிமானம்.

பதிவானதும் கிடைப்பது 14 இலக்க எண். 2022 ஜனவரி 1 முதல் பில்லில் இந்த எண் இருக்க வேண்டும், கையால் எழுதும் பில்லானாலும் சரி. பதிவு ஒரு முகவரிக்குத்தான். அம்மா வீட்டு அடுப்பிலும் சேர்த்துச் செய்தால் அந்த இடத்துக்குத் தனிப் பதிவு.

எண் வாங்கியதோடு வேலை முடியவில்லை. விழா இனிப்பில் பெரிய ஆபத்து நிறமும் நாளும்தான். பாரம்பரிய இனிப்பில், அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறத்தைக்கூட ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கக்கூடாது. ரோடமின் பி என்ற சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. பெயர் அச்சிடாத பொட்டலத்தில் வரும் கலர் பொடியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். குழந்தைகள்தான் முதலில் கை நீட்டுவார்கள்.

நாள் விஷயத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் உதவும். கலாகண்டை அன்றே சாப்பிட வேண்டும், ரசகுல்லா, ரசமலாய் வகைக்கு 2 நாள், கோவா இனிப்புக்கு 4 நாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் புதன்கிழமையே பால் இனிப்பைச் செய்து வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முறுகலான நெய் இனிப்பை மாற்றாகச் சொல்லிப் பார்க்கலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். டப்பாவின் மேல் 'இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்' என்று எழுதிக் கொடுங்கள். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.

இன்னொன்று, சமையல் எரிவாயு. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது. ஆர்டர் தொடர்ந்து வர ஆரம்பித்ததும் 19 கிலோ வணிகச் சிலிண்டருக்கு உங்கள் கேஸ் ஏஜென்சியில் தனியாக இணைப்பு கேளுங்கள். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கிலோவுக்கு விலை சொல்ல வேண்டும்.