வர்ஜீனியா பெர்மிட்டோடு பாலம் தாண்டாதீர்கள்

போன வாரம் ஆஷ்பர்ன் பக்கமிருந்து ஒருவர் போன் செய்தார். வர்ஜீனியாவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் பெர்மிட் வைத்திருக்கிறார். இடுப்பில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு மேரிலாந்தின் லேன்ஹாம் சிவா விஷ்ணு கோயிலுக்குப் பலமுறை வந்து போயிருக்கிறாராம். “யாரும் ஒண்ணும் கேட்டதில்லை சார். அடுத்த மாசம் நியூ ஜெர்சி எடிசன் போறோம், அங்கேயும் இது செல்லும்தானே?” என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். “கிளாஸ் எடுத்தவரே சொன்னார். அவர் என்.ஆர்.ஏ. சர்ட்டிஃபைடு.”

நான் மேரிலாந்தில் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவன். இந்த மாதிரி அழைப்பு வரவர அதிகமாகிறது. ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்கா முழுக்கச் செல்லும் துப்பாக்கி பெர்மிட் என்று சாதாரணக் குடிமக்களுக்கு ஒன்று கிடையவே கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் ஒரு மாநிலத்தில் வாங்கினால் ஐம்பதிலும் ஓட்டலாம். துப்பாக்கி விஷயத்தில் அது நடக்காது. ஒரு மாநிலம் கொடுத்ததை அடுத்த மாநிலம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம், முழுக்க அதன் இஷ்டம். மேரிலாந்து எந்த வெளி மாநில பெர்மிட்டையும் ஏற்பதில்லை. வாஷிங்டன் டி.சி.யும் அப்படித்தான், நியூ ஜெர்சியும் அப்படித்தான், நியூயார்க், கலிபோர்னியா எல்லாம் அப்படித்தான். நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும் ஊர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. பொட்டோமாக் ஆற்றுப் பாலத்தின் அந்தப் பக்கம் வர்ஜீனியாவில் சட்டப்படி நடப்பவராக இருந்த நீங்கள், இந்தப் பக்கம் மேரிலாந்தில் இறங்கும்போது குற்றவாளி. எச்சரிக்கைப் பலகை, சோதனைச் சாவடி எதுவும் இருக்காது. யாரும் கேட்டதில்லை என்றால் இன்னும் மாட்டவில்லை என்று அர்த்தம்.

இப்போது பயிற்சியாளர் விஷயம். என்.ஆர்.ஏ. (நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன்) என்பது துப்பாக்கி வைத்திருப்பவர்களின் ஒரு தனியார் சங்கம். அது தரும் பயிற்றுநர் சான்றிதழ், இவருக்குப் பாடம் நடத்தத் தெரியும் என்று அந்தச் சங்கம் சொல்வது, அவ்வளவுதான். அதை உங்கள் மாநிலம் மதிக்குமா என்பது தனிக் கேள்வி. வர்ஜீனியா மதிக்கிறது. அங்கே என்.ஆர்.ஏ. பயிற்றுநரின் வகுப்பு போதும், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருந்தாலும் போதும், ராணுவத்தில் இருந்த சான்று இருந்தாலும் போதும். இத்தனை மணி நேரம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. 2021 ஜனவரி முதல் வகுப்புக்கு நேரில் போகவேண்டும் என்பது ஒன்றுதான் புதுக் கட்டுப்பாடு. அதற்கு முன் வீட்டில் லேப்டாப்பில் வீடியோ பார்த்தே சான்றிதழ் வாங்கினார்கள். அந்தக் கால விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இப்போதும் ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மேரிலாந்தில் கதையே வேறு. மாநிலப் போலீஸ் உரிமம் கொடுத்த பயிற்றுநர் மட்டுமே வகுப்பு எடுக்கலாம், எங்களை க்யூ.எச்.ஐ. என்பார்கள். பெர்மிட்டுக்கு முதல்முறை 16 மணி நேரம், புதுப்பிக்க 8 மணி நேரம், ரேஞ்சில் 25 தோட்டா சுட்டு 70 சதவீதம் எடுக்கவேண்டும். (அந்த 70 சதவீதத்தை வைத்து உங்களைத் தேர்ந்த சுடுநர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அசையாத காகிதத்தில், நல்ல வெளிச்சத்தில், யாரும் கத்தாத இடத்தில் எடுத்த மதிப்பெண் அது.) டி.சி.யில் 16 மணி வகுப்பு, ரேஞ்சில் 2 மணி, அதையும் மாநகரப் போலீஸ் அங்கீகரித்த பயிற்றுநரிடம்தான் எடுக்கவேண்டும். ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள் மூன்று சட்டம், மூன்று பயிற்றுநர் பட்டியல்.

மேரிலாந்துக்காரர்கள் செய்யும் இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே கைத்துப்பாக்கி வாங்குவதற்கே எச்.க்யூ.எல். என்று ஒரு உரிமம் வேண்டும், 2013இல் வந்தது, அதற்கு 4 மணி நேர வகுப்பு. அது கடையில் வாங்குவதற்கு மட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு “என்கிட்ட பெர்மிட் இருக்கு” என்று கிளம்பிவிடுகிறார்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க 16 மணி நேர வகுப்பு, தனி விண்ணப்பம், கைரேகை எல்லாம் முடித்து மாநிலப் போலீஸ் அனுமதி தரவேண்டும். நான் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழ்கூட பெர்மிட் இல்லை. விண்ணப்பத்தோடு இணைக்கும் ஒரு தாள்.

இந்தக் களேபரம் 2022இல் ஆரம்பித்தது. அந்த ஜூனில் நியூயார்க் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், துப்பாக்கி எடுத்துச் செல்ல விசேஷக் காரணம் காட்டு என்று மாநிலம் கேட்கக்கூடாது எனத் தீர்ப்பளித்தது. அதுவரை மேரிலாந்திலும் நியூ ஜெர்சியிலும் சாதாரண ஆளுக்குப் பெர்மிட் குதிரைக் கொம்பு. கதவு திறந்ததும் கூட்டம் அலைமோதியது. கூட்டத்தைப் பார்த்ததும் ஓட்டல் ஹாலில் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் பயிற்றுநர்கள் முளைத்தார்கள். “முப்பது மாநிலங்களில் செல்லும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரம் பெரும்பாலும் யூட்டா மாநிலம் வெளியூர்க்காரர்களுக்குத் தரும் பெர்மிட். அதற்கு ஒரு தோட்டாகூடச் சுட்டுக் காட்டத் தேவையில்லை. விளம்பரம் பொய் இல்லை. நீங்கள் இருக்கும் மாநிலம் அந்த முப்பதில் இருக்கிறதா என்பதை மட்டும் அது சொல்லாது.

அப்புறம், மாநிலத்துக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. நியூயார்க்கில் 16 மணி வகுப்பு, 2 மணி சுடும் பயிற்சி, எழுத்துத் தேர்வில் 80 சதவீதம். இத்தனையும் முடித்து வெளி மாவட்டத்தில் வாங்கிய பெர்மிட் நியூயார்க் நகருக்குள் செல்லாது, நகரப் போலீஸின் அனுமதி தனியாக வேண்டும். கலிபோர்னியாவில் 2024 ஜனவரி முதல் குறைந்தது 16 மணி நேரம். பெர்மிட் தருவது கவுன்டி ஷெரிப் அல்லது நகரப் போலீஸ் தலைவர். அவர் ஏற்கும் பயிற்றுநர் யார் என்று கேட்டுக்கொண்டுதான் சேரவேண்டும். பக்கத்து கவுன்டி நண்பர் போன வகுப்பு என்று சேர்ந்துவிட்டு, பிறகு ஷெரிப் அலுவலகத்தில் போய் நிற்காதீர்கள். இன்னொரு பக்கம், பெர்மிட்டே வேண்டாம் என்று சொல்லும் மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. டெக்சாஸ் 2021இல், ஃபுளோரிடா 2023இல் சேர்ந்தன. டாலஸிலிருந்து எடிசனுக்கு வேலை மாறி வருகிறவர் இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே கார் ஓட்டுகிறார்.

நியூ ஜெர்சியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2013இல் பிலடெல்பியாப் பெண் ஒருவர், பென்சில்வேனியா பெர்மிட்டோடு ஆற்றைத் தாண்டினார். போக்குவரத்துக்காக நிறுத்திய போலீஸிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே நேர்மையாகச் சொன்னார். கைது. மூன்றரை ஆண்டு கட்டாயச் சிறை என்ற நிலைக்குப் போய், கடைசியில் 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்தார். அவர் அமெரிக்கக் குடிமகள். கிரீன் கார்டில் இருக்கும் நீங்கள் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், சிறை முடிந்ததும் நாடு கடத்தும் வழக்கு வரும். ஆளுநரின் கருணையை நம்பிக் கார் ஓட்ட முடியாது.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் கடுமை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாருக்கும் சொல்கிறேன்: கூட்டாட்சிச் சட்டப்படி உங்கள் கையில் துப்பாக்கியோ தோட்டாவோ இருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. அப்படி விலக்கு இல்லாதவர் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடையில் அடங்கும். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். தெரிந்தே உங்கள் கையில் கொடுத்தவருக்கும் அதேதான். அதனால்தான் வகுப்பில் பெயருக்கு அடுத்தபடி நான் கேட்கும் கேள்வி குடியுரிமை நிலை. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. டீம் அவுட்டிங்கில் ரேஞ்சுக்குப் போய் போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போட்டவர்கள் தயவுசெய்து ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

ஒரு மாநிலத்தைக் கடந்து மட்டும் போகிறீர்கள் என்றால் 1986 கூட்டாட்சிச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் அதை வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் சட்டப்படி சரியாக இருக்கவேண்டும். தோட்டா இறக்கி, துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாமல் டிக்கியில். எஸ்யூவி மாதிரி டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில், கிளவ் பாக்ஸ் கணக்கில் வராது. வழியில் மச்சான் வீட்டில் இரண்டு நாள் தங்கினால் அது கடந்து போவது ஆகாது. டி.சி.யில் துப்பாக்கியைப் பதிவு செய்யாதவர் பையில் ஒற்றைத் தோட்டா கிடந்தாலே வழக்கு, ரேஞ்சுக்குப் போய்வந்த பையை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.

வகுப்புக்குப் பணம் கட்டும் முன் கேட்கவேண்டியது: உங்களை அங்கீகரித்தது எந்த அலுவலகம், அங்கீகார எண் என்ன, அது எப்போது முடிகிறது, இந்தச் சான்றிதழை எந்த விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டும். மேரிலாந்து மாநிலப் போலீஸும் டி.சி. மாநகரப் போலீஸும் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன, பெயரை நீங்களே தேடுங்கள். வர்ஜீனியா என்றால் உங்கள் கவுன்டி சர்க்யூட் கோர்ட் கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். “புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், வந்துவிடும்” என்று பயிற்றுநர் சொன்னால், வந்த பிறகு பணம் கட்டுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.