"ஏதாவது வேணும்னா கேளுங்க" போதாது: புது ஆசிரியருக்குத் துணை நிற்பது எப்படி?

பணியில் சேரும் அன்று, "கூச்சப்படாம எது வேணும்னாலும் கேளுங்க டீச்சர்" என்பார் தலைமை ஆசிரியர். மனதாரத்தான் சொல்வார். ஆனாலும் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் புதியவர் ஒன்றுமே கேட்டிருக்க மாட்டார். எதைக் கேட்க வேண்டும் என்பதே பழகிய பிறகுதான் பிடிபடும். "இதுகூடத் தெரியாதா" என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் வேறு.

தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளிகளில் இந்தச் சிக்கல் கூடுதல். கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. 1, 2, 3-ஆம் வகுப்புகள் சேர்ந்தாற்போல் புதியவர் கைக்கு வரும். "போன்ல எல்லாம் உங்களுக்குத்தான் நல்லா வரும்" என்று எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசின் இணையத் தளம்) பதிவும் அவர் தலையில் விழும். சிக்னல் கிடைக்காத ஊரில் அதற்கே காலைப் பாடவேளை கரைந்துவிடும். முதல் பருவம் முடியும்வரையாவது அந்த வேலையை மூத்தவர் எடுத்துக்கொள்வதே பெரிய உதவி.

அடுத்தது, வகுப்பில் வந்து உட்காருவது. வாரம் ஒருநாள், 20 நிமிடம் போதும். 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளை எழுத்து வேலையோடு அதே அறையில் பின்னால் உட்கார வைத்துக்கொள்ளலாம். மூத்தவர் ஒரு தாளில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசையைக் கட்டம் போட்டு, வாய்திறந்து பதில் சொல்லும் பிள்ளையின் கட்டத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான். முன்வரிசையில் இரண்டு பேர் கட்டம் புள்ளியாய் நிறைந்திருக்கும். சுவரோரம் ஒரு வரிசையே வெறுமையாய்க் கிடக்கும். பாடம் நடத்துகிறவர் கண்ணுக்கு இது தெரியாது. தாளைக் கையில் கொடுத்து, "அடுத்த வாரம் இந்த வரிசை மட்டும் பார்ப்போமா?" என்று கேட்டால் போதும். ஒரே நாளில் ஏழெட்டுக் குறை சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. பிள்ளைகள் முன்னால் திருத்தவே கூடாது. அதன்பின் வகுப்பு அவர் சொல் கேட்காது.

புதியவரும் கேள்வியைச் சுருக்கிக் கேட்கப் பழக வேண்டும். "வகுப்பைச் சமாளிக்க முடியல" என்றால் "போகப் போகச் சரியாயிடும்" என்றுதான் பதில் வரும். "ஒன்னாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கும்போது மூணாம் வகுப்பு பத்து நிமிஷத்துல எழுதி முடிச்சிட்டுச் சத்தம் போடுது, அப்புறம் என்ன வேலை கொடுக்கலாம் சார்?" என்று கேட்டால், இரண்டாவது வேலையைக் கரும்பலகையில் முன்கூட்டியே எழுதி வையுங்கள், முடித்த பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத் திருத்தட்டும் என்று கைக்கு உதவும் பதில் கிடைக்கும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்காக ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டத்துக்கும் வெறுங்கையோடு போகாதீர்கள். அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் நிலைக்கு ஒரு பிள்ளையின் நோட்டை எடுத்துப் போங்கள். 'ப', 'ட்', 'ட', 'ம்' என்று தனித்தனியே சொல்லிவிட்டுப் 'பட்டம்' என்று சேர்க்கத் தெரியாத பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. அந்த நோட்டை மேசைமேல் விரித்தால் பக்கத்துப் பள்ளி டீச்சரும் தன் நோட்டை விரிப்பார். தேநீர் இடைவேளைப் பத்து நிமிடத்தில் அங்கே நடக்கும் பேச்சு பல நேரம் பயிற்சியைவிடப் பயன்படும். கூட்டம் முடியுமுன் அவர் செல்போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.