முடுக்கிக் கூடத்துக் காற்று

அணுத்துகள்களைக் கற்றையாகப் பெரும் வேகத்தில் ஓடவிடும் கருவியான துகள் முடுக்கியின் பாதுகாப்பு என்றதும் மீட்டர் கணக்கில் தடித்த கான்கிரீட் சுவர்தான் நினைவுக்கு வரும். கற்றை ஓடும்போது தெறிக்கும் நியூட்ரான்களையும் காமா கதிர்களையும் அது தடுத்துவிடும். ஆனால் சுவருக்கு உள்ளே அடைபட்டிருக்கும் காற்றும் கதிரியக்கம் பெறுகிறது.

உயர் ஆற்றல் துகள் மோதி நைட்ரஜன் அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானைத் தட்டிவிட்டால் மிஞ்சுவது நைட்ரஜன்-13. ஆக்சிஜனிலிருந்து ஆக்சிஜன்-15 பிறக்கும். வேகம் குறைந்த நியூட்ரானை விழுங்கிய ஆர்கான், ஆர்கான்-41 ஆகும். நல்லவேளையாக இவற்றின் ஆயுள் குறைவு. ஆக்சிஜன்-15இன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 2 நிமிடம், நைட்ரஜன்-13க்கு 10 நிமிடம், ஆர்கான்-41க்குக் கிட்டத்தட்ட 110 நிமிடம். கற்றையை நிறுத்திவிட்டு 20 நிமிடம் பொறுத்தால் ஆக்சிஜன்-15 ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் கற்றை நின்ற உடனே கதவு திறக்கப்படுவதில்லை. இதே காற்றில் உருவாகும், 53 நாள் அரை ஆயுள் கொண்ட பெரிலியம்-7 தூசியில் ஒட்டிக்கொள்ளும். அதைக் காற்று வடிகட்டிகள் பிடித்துக்கொள்ளும். உள்ளே காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைவாக வைத்தால், இடுக்குகள் வழியே வெளிக்காற்று உள்ளே வருமே தவிர, உள்காற்று வெளியே கசியாது.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் தோக்காயில் உள்ள ஜே-பார்க் முடுக்கி ஆய்வகம் காட்டியது. 2013 மே 23 முற்பகலில், ஹாட்ரான் கூடம் என்ற சோதனைக் கூடத்துக்குச் சுமார் 2 விநாடி நேரம் சீராக வர வேண்டிய புரோட்டான் கற்றை, கருவிக் கோளாறால் 5 மில்லிவிநாடியில் பாய்ந்துவிட்டது. கற்றை மோதுவதற்காக வைத்திருந்த, விரலைவிட மெல்லிய தங்க இலக்கின் ஒரு பகுதி உருகி ஆவியானது. இலக்கைச் சூழ்ந்திருந்த பெட்டி காற்றுப்புகாதது அல்ல. கதிரியக்கப் பொருள்கள் மக்கள் வேலை செய்த கூடத்துக்குள் பரவின.

கூடத்தில் கதிர்வீச்சு அளவு கூடியதைக் கண்டவர்கள் காற்றை வெளியேற்றும் விசிறிகளை ஓட்டினார்கள். அளவு குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த விசிறிகளில் வடிகட்டி இல்லை. கூடத்திலிருந்தது சுற்றுப்புறத்துக்குப் போயிற்று. புழுக்கமான அறைக்குப் பொருந்தும் வழக்கம் இங்கே முற்றிலும் தவறு. அதைவிட என்னை உறுத்துவது, நடந்ததை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க மறுநாள் வரை ஆனதுதான். 34 பேரின் உடலுக்குள் கதிரியக்கம் சென்றிருந்தது. ஒருவர் பெற்ற அதிகபட்சக் கதிர்வீச்சு 1.7 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் பெறும் உலகச் சராசரியான 2.4ஐவிடக் குறைவு என்றாலும், அவர்களில் எவரும் அதைச் சுவாசித்திருக்கத் தேவையில்லை.

பிறகு இலக்கைக் காற்றுப்புகாத கலத்துக்குள் வைத்தார்கள். கூடத்துக் காற்றை வடிகட்டி, அளந்து பார்த்த பின்பே வெளியே விடும் அமைப்பும் வந்தது. 2015 ஏப்ரலில் அங்கே கற்றை மீண்டும் ஓடியது.