சரிவுல இறங்குன ரெண்டு பிள்ளைங்க

தக்கலை பக்கத்துல எங்க அம்மா வீடு. வராந்தாவுல இருந்து முத்தத்துக்கு ஸ்கூட்டர் எறக்க சிமெண்ட்ல ஒரு சரிவு போட்டிருக்கு. தம்பிக்கு இரட்டை பிள்ளைங்க, ஒரு பையன் ஒரு பொண்ணு, ரெண்டுக்கும் 11 மாசம். ஓணத்துக்கு போயிருந்தப்போ பாத்தேன், ரெண்டும் தவழ்ந்து தவழ்ந்து அந்த சரிவுக்கே தான் போகுது. பையன் போனா அம்மா "விடு, விழுந்து எழும்பட்டும், ஆம்பள பிள்ளைல்லா"ன்னு சொல்லிட்டு பாத்துக்கிட்டே இருக்காங்க. பொண்ணு போனா "ஏ பிள்ளைய புடி, மொகத்துல எங்கயாவது பட்டுட்டுன்னா என்ன செய்ய"ன்னு ஒரே சத்தம். அம்மாவ மட்டும் சொல்லக்கூடாது, அந்த சத்தம் வர்றதுக்கு முன்னாடியே ஓடிப்போய் அவள தூக்குனது நான்தான். சாயந்திரத்துக்குள்ள அவன் நாலஞ்சு தடவ இறங்கிட்டான், ஒரு தடவ மூக்க இடிச்சுக்கிட்டு அழுதான், அதுக்கப்புறம் திரும்பி வயித்துல படுத்து கால முதல்ல விட்டு இறங்க கத்துக்கிட்டான். அவ ஒரு தடவ கூட இறங்கல.

இதே மாதிரி ஒரு சரிவ வச்சு 2000-ல நியூயார்க்ல ஒரு ஆராய்ச்சி வெளியாச்சு. 11 மாச பிள்ளைங்களோட அம்மாமார்கிட்ட ஏத்தி எறக்குற மாதிரி ஒரு சாய்வுப் பலகைய காட்டி, உங்க பிள்ளை எவ்வளவு செங்குத்தா இருந்தா தவழ்ந்து இறங்கும், நீங்களே வச்சு காட்டுங்கன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் பிள்ளைங்கள நிஜமாவே இறங்க விட்டு பாத்தாங்க. ஆண் பெண் ரெண்டு பேருக்கும் திறமைல வித்தியாசமே இல்ல. ஆனா பையனோட அம்மாமார் கூட்டி சொல்லியிருந்தாங்க, பொண்ணோட அம்மாமார் கொறச்சு சொல்லியிருந்தாங்க. பெத்த பிள்ளைய தினமும் பாக்குற அம்மாவோட கணக்கே இப்படி சாயுதுன்னா மத்தவங்க கணக்கு என்னன்னு யோசிச்சு பாருங்க.

இதுல நாம கவனிக்க வேண்டியது அந்த கணக்கு தப்பாச்சுங்கறது மட்டும் இல்ல, அந்த தப்பு வச்சு நம்ம கை என்ன செய்யுதுங்கறதும்தான். இவளால முடியாதுன்னு மனசுல ஒரு நினைப்பு இருந்தா கை தானா நீளும், கை நீண்டா பிள்ளைக்கு விழுந்து பழக சான்ஸ் போகும், பழகாத பிள்ளைக்கு நாளைக்கு நிஜமாவே வராது, அப்போ நாம "பாத்தியா, நான் அப்பமே சொன்னேன்லா"ன்னு சொல்லுவோம். யாரும் வேணும்னு செய்யல, எல்லாம் பாசத்துலதான் செய்யுதோம்.

அழுகைய கூட நாம ஒரே மாதிரி கேக்குறது இல்ல. 1976-ல ஒரு ஆராய்ச்சில 204 பேருக்கு ஒரு 9 மாச குழந்தையோட வீடியோவ காட்டுனாங்க. பெட்டிக்குள்ள இருந்து டக்குனு துள்ளி வர்ற ஒரு பொம்மைய பாத்து அந்த குழந்தை அழும். இது பையன்னு சொல்லி யாருக்கு காட்டுனாங்களோ அவங்க கோவத்துல அழுறான்னு சொன்னாங்க, பொண்ணுன்னு சொல்லி யாருக்கு காட்டுனாங்களோ அவங்க பயந்து அழுறாள்னு சொன்னாங்க. ஒரே குழந்தை, ஒரே அழுகை. பயந்த பிள்ளைய தூக்கி அணைப்போம், கோவப்பட்ட பிள்ளைய சும்மா விட்டுருவோம், அப்போ ஆம்பள பிள்ளைக்கும் இதுல நஷ்டம் இருக்கு, அவன் பயந்து அழும்போது அது பயம்னே நமக்கு தெரியாம போகுது.

சரி, பிள்ளைங்க சும்மா வாங்கிக்கிட்டே இருக்குதுங்களான்னா அதுவும் இல்ல. ரெண்டு வயசு கிட்ட வரும்போதே யாரு ஆணு யாரு பொண்ணுன்னு பிரிச்சு சொல்ல ஆரம்பிச்சிரும், அப்புறம் ஒவ்வொரு பிரிவுக்கும் என்ன ரூலுன்னு தானே துப்பு துலக்கும். இத ரெபேக்கா பிக்லர்ங்கற ஆராய்ச்சியாளர் டீ ஷர்ட் வச்சு பாத்தாங்க. கோடை வகுப்புல பிள்ளைங்களுக்கு பாதி பேருக்கு நீலம் பாதி பேருக்கு மஞ்சள். சில கிளாஸ்ல டீச்சர் அந்த நிறத்த பத்தி பேச்சே எடுக்கல. சில கிளாஸ்ல "நீலம் எல்லாம் இங்க லைன்ல நில்லு, மஞ்சள் அங்க உக்காரு"ன்னு நிறத்த வச்சே எல்லாத்தையும் நடத்துனாங்க, எது ஒசத்தின்னு ஒரு வார்த்தை சொல்லல. சில வாரத்துல அந்த கிளாஸ் பிள்ளைங்க எங்க நிறந்தான் நல்லதுன்னு நம்ப ஆரம்பிச்சுட்டாங்க, டீச்சர் கண்டுக்காத கிளாஸ்ல அப்படி ஆகல. பிள்ளைக்கு நாம பாடம் எடுக்க வேண்டியதே இல்ல, எத வச்சு பிரிக்கிறோம்னு பாத்தா போதும், இது முக்கியமான விஷயம் போலன்னு அதுவே முடிவு பண்ணிக்கும். ஸ்கூல்ல பாய்ஸ் ஒரு லைன், கேர்ள்ஸ் ஒரு லைன்னு தினமும் நிக்கிற பிள்ளை என்ன முடிவு பண்ணும்?

எனக்கு ரொம்ப உறைச்சது நம்ம பேச்சு பத்துன ஆராய்ச்சிதான். 2012-ல மார்ஜோரி ரோட்ஸ் குழு நாலு வயசு பிள்ளைங்களுக்கு ஒரு படக்கதை படிச்சு காட்டுனாங்க, அதுல "சார்ப்பி"ன்னு உலகத்துலயே இல்லாத ஒரு கூட்டம். சில பிள்ளைங்களுக்கு "இந்த சார்ப்பிக்கு வண்டுன்னா பயம்"னு படிச்சாங்க, சில பிள்ளைங்களுக்கு "சார்ப்பிங்களுக்கு வண்டுன்னா பயம்"னு படிச்சாங்க. ரெண்டாவது விதமா கேட்ட பிள்ளைங்க, சார்ப்பின்னா பிறவியிலயே அப்படித்தான், மாறாதுன்னு நினைக்கறது கூடுச்சு. வெறும் பன்மை, அவ்வளவுதான். நம்ம வீட்ல ஒரு நாள்ல எத்தனை தடவ அந்த பன்மை வருது! ஆம்பள பிள்ளைங்க அழப்பிடாது. பொம்பள பிள்ளைங்க சத்தமா சிரிக்கப்பிடாது. "கேரம்ல நீ தோத்துட்ட, அதுக்கு அழுதா அடுத்த ஆட்டம் யாரு ஆடுவா"ன்னு அந்த பிள்ளைகிட்ட அந்த விஷயத்த பேசுனா இந்த விஷம் அதுல இல்ல.

பாராட்டுறதுலயும் இது ஒளிஞ்சிருக்கு. 2018-ல ஸ்டான்ஃபோர்ட்ல செஸ்ட்நட், மார்க்மன்னு ரெண்டு பேர் காட்டுனது: "பொண்ணுங்களும் பசங்க அளவுக்கு கணக்கு போடுவாங்க"ன்னு நல்ல மனசோட சொன்னாலும், கேக்குறவங்களுக்கு பசங்கதான் அளவுகோல்னு பதியுது, இயல்பா திறமை அவங்களுக்குத்தான்னு தோணுது. எங்க பக்கத்துல பெருமையா சொல்லுவாங்கல்லா, "அவ ஆம்பள பிள்ளை மாதிரி, தனியா நாகர்கோவில் போயி எல்லாம் முடிச்சிட்டு வந்துருவா"ன்னு. இத கேட்டுக்கிட்டு வளர்ற பொண்ணுக்கு தைரியம்ங்கறது கடன் வாங்குன சட்டை மாதிரி ஆகிருது.

புத்தின்னா ஆம்பளைக்குத்தான்ங்கற இந்த நினைப்பு எந்த வயசுல வேர் புடிக்கும்னா, ஆறு. 2017-ல சயின்ஸ் பத்திரிகைல வந்த ஆராய்ச்சில, ரொம்ப ரொம்ப புத்திசாலியான ஒருத்தரோட கதைய சொல்லி, யாருன்னு சொல்லாம, இந்த படங்கள்ல அது யாரா இருக்கும்னு கேட்டாங்க. அஞ்சு வயசுல பையன் ஆம்பளைய காட்டுனான், பொண்ணு பொம்பளைய காட்டுனா, ரெண்டும் சமம். ஆறு வயசுல பொண்ணுங்க பொம்பளைய காட்டுறது கொறஞ்சு போச்சு. இத்தனைக்கும் ஸ்கூல்ல யாருக்கு நல்ல மார்க் வரும்னு கேட்டா பொண்ணுங்களுக்குன்னு அவங்களே சொன்னாங்க. மார்க் வேற, புத்தி வேறன்னு மனசு பிரிச்சிருச்சு. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 2011 சென்சஸ்படி 91.75 சதவீதத்தோட எழுத்தறிவுல தமிழ்நாட்டுக்கே முதல் இடம், பொண்ணுங்கள படிக்க வைக்கிறதுல நாம பின்வாங்குறவங்க இல்ல, அதனால தான் இந்த ஆராய்ச்சி எனக்கு வலிச்சுது.

இயற்கைக்கு இதுல பங்கே இல்லைன்னு நான் சொல்ல வரல. கர்ப்பத்துலயே ஆண் ஹார்மோன் கூடுதலா சுரக்குற ஒரு பிறவிக் கோளாறு இருக்கு, அதோட பிறந்த பெண் பிள்ளைங்க சராசரியா வண்டி மாதிரி பொம்மைங்கள கூடுதலா எடுக்குறாங்க. ஆனா சராசரிங்கறது உங்க மடில இருக்கற பிள்ளைய பத்தி பெருசா ஒண்ணும் சொல்லாது. சுத்தி இருக்கற ஊர் மாறுனா திறமையோட வித்தியாசமும் மாறுதுன்னு 2011-ல மேகாலயா பக்கம் ஏறக்குறைய 1300 பேர வச்சு பாத்தாங்க, நாலு துண்டு புதிர சேக்கணும். சொத்து ஆண்வழில போற கார்பி பழங்குடி ஊர்கள்ல ஆண்கள் வேகம், பெண்வழில போற காசி பழங்குடி ஊர்கள்ல அந்த வித்தியாசமே காணோம். நமக்கு இது தூரத்து கதை இல்ல. நம்ம மாவட்டத்து நாஞ்சில்நாட்டுல மருமக்கவழி, அதாவது சொத்து பெண்வழில போற முறை, இருந்த மண்ணுதான் இது, 1926-ல திருவிதாங்கூர் கொண்டு வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்துக்கு அப்புறம்தான் அங்க அது மாறிச்சு. அந்த காலத்துலயும் நிர்வாகம் காரணவர், அதாவது குடும்பத்து மூத்த ஆம்பளை, கைலதான், பொண்ணுங்க ராஜ்ஜியம்னு எல்லாம் இல்ல, ஆனாலும் "ஆதி காலத்துல இருந்தே இப்படித்தான்"னு நம்ம ஊர்ல யாராவது சொன்னா அது உண்மை இல்ல.

மறுநாள் காலைல அம்மா மரச்சீனி கிழங்கு உரிச்சிக்கிட்டு இருந்தாங்க, நான் சரிவுக்கு கீழ ஒரு பழைய ஜமுக்காளத்த மடிச்சு போட்டுட்டு பக்கத்துலயே உக்காந்தேன். பொண்ணு வந்தா. விளிம்புல நின்னு உள்ளங்கையால சிமெண்ட தட்டி தட்டி பாத்தா. எனக்கு கை துடிச்சுது, முட்டுக்கு அடில வச்சு அமுக்கிக்கிட்டேன். தலைய விட்டு இறங்க போயி பாதில சறுக்கி ஜமுக்காளத்துல விழுந்தா, என் மொகத்த பாத்தா, நான் ஒண்ணும் சொல்லல. திரும்ப ஏறுனா. மூணாவது தடவ அவளும் திரும்பி படுத்து கால கீழ விட்டா.