முதுகின் வரியைப் பார்த்து வயலின் வாங்குகிறவர்களுக்கு

பிள்ளைக்கு வர்ணம் முடிந்துவிட்டது, கீர்த்தனைக்குப் போகப்போகிறாள், இனி 'நல்ல ஜெர்மன் வயலின்' வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பழைய வயலின் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி, வயலின் பழுது பார்க்கும் எங்களிடம் தந்தி மாற்றக் கொண்டுவருகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் வயலினைத் திருப்பி முதுகைத்தான் காட்டுவார்கள். பளபளவென்று புலிவரி. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் அந்த வரி அசையவே அசையாது. தூரிகையால் போட்ட வரி. பணம் கொடுத்து முடித்த பிறகு இதைச் சொல்ல வேண்டியிருப்பது எங்கள் தொழிலிலேயே பிடிக்காத வேலை. மறுபடி மறுபடி இதே கதை வருவதால், வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

வயலினின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகை, பக்கப்பலகை, கழுத்து, சுருள்தலை எல்லாம் மேப்பிள். சில மேப்பிள் மரங்களில் நார் நேராக ஏறாமல் நெளிந்து நெளிந்து ஏறும். அதை ஆரப்போக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அறுத்தால் நெளிவின் ஒரு சரிவு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அடுத்த சரிவு விழுங்கிவிடும். கடைக்காரர்கள் 'ஃப்ளேம்' என்று சொல்வது இதைத்தான். கறுப்பாகத் தெரிவது சாயம் இல்லை, நாரின் சாய்வு. இது போதும், சோதனைக்கு வருவோம்.

அறையின் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். நாலா பக்கமும் பரவும் வெளிச்சத்தில் அசல் வரிகூடச் செத்துப்போய்த்தான் தெரியும். செல்போன் டார்ச் ஒன்று போதும். வயலினைக் குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) கீழே படும்படி மேசையில் கவிழ்க்காதீர்கள். ஒருவர் கழுத்தையும் அடிப்பகுதியையும் பிடித்துக்கொள்ளட்டும். சுருள்தலைப் பக்கத்திலிருந்து, ஓர் அடி தள்ளி, டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்து முதுகின்மேல் அடியுங்கள். பளிச்சென்று தெரியும் ஒரு வரியை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தலையை அசைக்காமல், டார்ச்சை மட்டும் டெயில்பீஸ் (தந்திகளின் அடிமுனையை மாட்டும் துண்டு) பக்கத்துக்குக் கொண்டுபோய் அதே சாய்வில் அடியுங்கள். அசல் மரமென்றால் பளிச்சென்றிருந்த வரி இருண்டு, பக்கத்து வரி வெளிச்சமாகும். பூசிய வரியென்றால் எங்கிருந்து அடித்தாலும் கறுப்பு கறுப்பாகவே நிற்கும்.

இதில் பலர் செய்யும் தப்பு, வயலினை இடம் வலமாக உருட்டிப் பார்ப்பது. நார் ஓடுவது வயலினின் நீளவாட்டில். நெளிவும் அந்தப் போக்கில்தான். வெளிச்சமும் நீளவாட்டில் மாறினால்தான் வரி புரளும். இடவலமாக உருட்டிவிட்டு "அசையவில்லை, போலி" என்று நல்ல வயலினைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

இணையத்தில் வாங்குகிறவர்கள் புகைப்படத்தை நம்பவே கூடாது. வெட்டி ஒட்டாத ஒரு வீடியோ கேளுங்கள். ஒரே விளக்கு, வயலினின் தலையை மெதுவாக ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும். அரை நிமிஷ வேலை. அதற்கே சாக்குச் சொல்கிற ஆளிடம் வாங்காதீர்கள்.

வெளிச்சச் சோதனையில் சந்தேகம் தீரவில்லை என்றால் ஓரங்களைப் பாருங்கள். பூசுகிறவன் கை சோம்பும் இடங்கள் அவை. இரட்டைப் பலகை முதுகென்றால் நடு இணைப்பில் இருபுற வரிகளும் கண்ணாடி பார்த்தாற்போல் ஏறவோ இறங்கவோ செய்யும், ஆனால் இம்மி பிசகாமல் பொருந்தாது. பூசியதில் ஒரே தூரிகை இழுப்பு இணைப்பைத் தாண்டி ஓடியிருக்கும். அசல் வரி விளிம்புவரை வந்து, விளிம்பின் வளைவிலும் இறங்கும். பூசிய வரி விளிம்புக்குக் கொஞ்சம் முன்பே மங்கி நின்றுவிடும். பக்கப்பலகையில் எல்லாத் துண்டிலும் ஒரே அகலம், ஒரே இடைவெளி என்றால் சந்தேகப்படுங்கள். சுருள்தலையின் உள்மடிப்பில் தூரிகை நுழையாது. அங்கே மட்டும் மரம் மொட்டையாக இருக்கும்.

நம் ஊர் வயலின்களில் இன்னொரு வசதி உண்டு. கர்நாடக சங்கீதக்காரர்கள் தரையில் உட்கார்ந்து சுருள்தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பதால், அந்த இடத்தில் வார்னிஷ் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடது கை உராயும் தோள்பகுதியிலும் அப்படித்தான். வார்னிஷ் போன இடத்தில் வெறும் மரத்திலும் வரி தொடர்ந்தால் அநேகமாக அசல். வார்னிஷோடு வரியும் போயிருந்தால் அது வார்னிஷில் மட்டுமே இருந்த வரி. பழைய வயலினுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஆரப்போக்கில் அறுத்த மேப்பிளில் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடிக் கீற்றுகள் தெரியும். அசலில் அவை வெளிச்ச வரியிலும் இருண்ட வரியிலும் தடையில்லாமல் தொடரும். பூச்சென்றால் கீற்றுகளின் மேலே சாயம் படர்ந்திருக்கும், தூரிகை மயிரின் தடம் தெரியும், வரியின் ஓரத்தில் சாயம் தேங்கியிருக்கும். அச்சடித்த படலம் ஒட்டியிருந்தால் செய்தித்தாள் படம்போலப் புள்ளி புள்ளியாகத் தெரியலாம்.

மேல்பலகையில் 'f' வடிவில் வெட்டியிருக்கும் எஃப் துளை வழியாக உள்ளேயும் பாருங்கள். பின்பலகையின் உட்புறத்துக்கு வார்னிஷ் கிடையாது. வெளியே கொழுந்துவிட்டு எரிகிற மாதிரி வரி, உள்ளே பொட்டு வரிகூட இல்லை என்றால் சந்தேகம் வலுக்கும். உள்ளே வரி மங்கலாகத்தான் தெரியும், கொஞ்சம் இடம் தள்ளியும் இருக்கலாம். பலகை நடுவில் நாலரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் உள்ளது, நெளிவு அதற்குள் நேர்க்குத்தாக இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இனி, அவசரப்பட்டுப் போலி என்று சொல்லக் கூடாத இடங்கள். கழுத்தில் வரி இல்லை, முதுகில் இருக்கிறது, ஆகவே முதுகு போலி என்று ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. கழுத்து வேறு துண்டு மரம். பழைய வயலின்களில் கழுத்தை மாற்றியும் இருப்பார்கள். விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு வாசிக்கிற பழக்கத்தால் கழுத்து கறுத்து, இருக்கிற வரியும் அழுக்கில் மூடிக்கிடக்கலாம். ஆரப்போக்கில் இல்லாமல் சப்பையாக அறுத்த பலகையில் வரி இயல்பாகவே மங்கலாக இருக்கும். உடைந்த விளிம்புக்குப் புது மரம் வைத்துப் பழுது பார்த்தால், பக்கத்து வரியோடு பொருந்த நாங்களே கொஞ்சம் வரைவோம். அது பழுது வேலை, மோசடி இல்லை.

சாயம் ஏற்றிய அசல் வரிதான் ரொம்பக் குழப்பும். வெறும் மரத்தில் நீர்ச்சாயம் போட்டால், நார் முனைகள் வெளியே பார்க்கும் சரிவு அதை அதிகம் குடிக்கும், வரி எடுப்பாகும். பொட்டாசியம் டைக்ரோமேட் போட்டுக் கறுக்க வைக்கிறவர்களும் உண்டு. (அது புற்றுநோய் வரவழைக்கும் சரக்கு. வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.) இப்படிச் செய்த வரி பாதி அசையும், பாதி நிற்கும். வரி மரத்துடையதுதான், எடுப்பு சாயத்துடையது. இதைப் போலி என்று சொல்ல மாட்டேன்.

இப்போது எனக்கு எரிச்சல் மூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். வரி இருந்தால் நாதம் நன்றாக இருக்கும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? வரி கண்ணுக்கு அழகு. காதுக்கு அதனால் ஆவது ஒன்றும் இல்லை. நார் நெளிந்தால் பலகையின் நீளவாட்டு விறைப்பு சற்றுக் குறையத்தான் செய்யும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பக்கப்பலகையைச் சூட்டில் வளைக்கும்போது அந்த நெளிவில்தான் அது பட்டென்று உடையும். இழைப்புளி போட்டால் அந்த இடத்தில்தான் செதில் பெயரும். வேலைக்காரனுக்குத் தொல்லை தரும் மரம் அது, அழகுக்காகப் பொறுத்துக்கொள்கிறோம். இத்தாலியின் கிரெமோனாவில், வயலின் செய்தவர்களில் பெரும் புகழ் பெற்ற ஸ்ட்ராடிவாரியே அதிகம் வரியில்லாத உள்ளூர் மேப்பிளிலும் வயலின் செய்திருக்கிறார். பாப்லர், வில்லோ மரத்தில் முதுகு வைத்த செல்லோக்களும் அவர் கையால் வந்திருக்கின்றன. அவற்றைக் குறைந்த நாதம் என்று எந்த வித்வானும் ஒதுக்கவில்லை. வயலினின் குரலைத் தீர்மானிப்பது மேல்பலகையின் மரமும், இரண்டு பலகைகளின் வளைவும் தடிமனும், மேல்பலகையின் உள்ளே நீளவாட்டில் ஒட்டியிருக்கும் பேஸ் பார் என்ற கட்டையும், இரண்டு பலகைகளுக்கும் நடுவே சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி நிற்கும் இடமும், குதிரை வெட்டிய லட்சணமும். சவுண்ட் போஸ்ட் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் மாறுகிற அளவுக்குக்கூட முதுகு வரி குரலை மாற்றாது. வரியில்லாத நல்ல வயலினை "மொட்டை முதுகு" என்று தள்ளிவிட்டு, வரி பூசிய ஒட்டுப்பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஒட்டுப்பலகை என்றதும் இன்னொன்று. வரி அசல், ஆனால் வயலின் ப்ளைவுட் என்பதும் நடக்கும். வரியுள்ள மேப்பிளை மெல்லிய தோலாகச் சீவி ஒட்டுப்பலகைமேல் ஒட்டியிருப்பார்கள். டார்ச் சோதனையில் அது அழகாகத் தேறிவிடும். எஃப் துளையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள், அடுக்கு தெரிந்தால் மேல்பலகை ப்ளைவுட். பக்கப்பலகையை அறிய, டெயில்பீஸை இழுத்துப் பிடித்திருக்கும் அடிமுளையான என்ட்பின்னைக் கழற்றி அந்தத் துளையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். தயவுசெய்து அதை நீங்களே செய்யாதீர்கள். எல்லாத் தந்தியும் தளர்ந்தால் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடக்கூடும்.

"பழைய வயலின் சார், நூறு வருஷம், அந்தக் காலத்தில் ஏமாற்றெல்லாம் ஏது" என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மனியில் சாக்சனியின் மார்க்நாய்கிர்ஷென், பொஹீமியாவின் ஷோன்பாக் (இன்றைய செக் நாட்டின் லூபி) வட்டாரங்களிலிருந்து மலிவு வயலின்கள் உலகெங்கும் போயின. அவற்றில் வரியில்லாத மேப்பிளில் வரி வரைந்தவை ஏராளம். விளிம்பில் பதிக்க வேண்டிய கறுப்பு-வெள்ளை-கறுப்புப் பட்டியைக்கூடக் கோடாக வரைந்து விட்டவை உண்டு. பட்டி வரைந்ததென்றால் வரியையும் சந்தேகப்படுங்கள், இரண்டும் அநேகமாகச் சேர்ந்தே வரும். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்ட்ராடிவாரி லேபிளை ஆதாரமாகக் காட்டாதீர்கள். அவர் காலமானது 1737-ல். அவர் பெயருக்குக் கீழே 'மேட் இன் ஜெர்மனி' என்று அச்சாகியிருப்பதைக் கவனிக்காமல் விலை பேசியவர்கள் இருக்கிறார்கள்.

சோதிக்கிறேன் என்று சானிடைசரையோ ஸ்பிரிட்டையோ பஞ்சில் தொட்டுத் தேய்க்காதீர்கள். ஸ்பிரிட் வார்னிஷ் ஆல்கஹால் பட்டதும் கரைந்துவிடும். அசல் வரியானாலும் போலி வரியானாலும் வார்னிஷ் போகும், அதோடு விலையும் போகும். நெயில் பாலிஷ் கழுவும் அசிட்டோன் இன்னும் மோசம். நகத்தால் சுரண்டுவதும் ஊசியால் கீறுவதும் வேண்டாம். அது இன்னும் உங்கள் வயலின்கூட இல்லை.

வாங்கும்போது முதுகைக் கடைசியாகப் பாருங்கள். மேல்பலகையில் வெடிப்பு, குறிப்பாக சவுண்ட் போஸ்ட்டுக்கு நேர் மேலே, இருக்கிறதா? கழுத்து முன்னால் சாய்ந்து தந்தி உயர்ந்து நிற்கிறதா? பிரடை (தந்தியை முறுக்கும் முளை) வழுக்காமல் நிற்கிறதா? கமகத்துக்கு விரல் ஓட்டினால் கழுத்து கையில் தடையில்லாமல் வழுக்குகிறதா? ஆசிரியரை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பத்தடி தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். அதெல்லாம் தேறிய பிறகு டார்ச்சை எடுங்கள். பில்லில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: முழுமரமா ஒட்டுப்பலகையா, வரி இயல்பா பூச்சா, எங்கே செய்தது. வரி பூச்சு என்று ஒப்புக்கொண்டு அதற்கேற்ற விலை சொன்னால் தாராளமாக வாங்கலாம், நாதம் பிடித்திருந்தால்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூச்சைச் சுரண்டி எடுத்து 'அசல் மரத்தை' வெளியே கொண்டுவரச் சொல்லி எங்களிடம் வராதீர்கள். கீழே இருப்பது வரியில்லாத மேப்பிள். வார்னிஷை உரித்துப் புதிதாகப் போடும் கூலி, அநேகமாக அந்த வயலினின் விலையைத் தாண்டும். அந்தப் பணத்தில் நல்ல தந்தி ஒரு செட் போட்டு, புதுக் குதிரை வெட்டி, சவுண்ட் போஸ்ட்டைச் சரியாக நிறுத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.