நான்கு ஜோடியில் ஒன்று அறுந்தால்: லேன் இணைப்பு விட்டுவிட்டு வருவது ஏன்?

லேன் கேபிள் செருகிய லேப்டாப்பில் இணையம் விட்டுவிட்டு வந்தால், பெரும்பாலோர் முதலில் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதற்கும் முன்னால் ஓர் எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. இணைப்பு இப்போது எந்த வேகத்தில் நிற்கிறது? விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பெட்டியிலும், லினக்ஸில் ஈத்டூல் கட்டளையிலும் அது தெரியும். லேப்டாப், ரௌட்டர் இரண்டிலும் ஜிகாபிட் போர்ட் இருந்தும் 100 மெகாபிட் என்று காட்டினால், அநேகமாகக் கேபிளில்தான் கோளாறு. (மலிவான ரௌட்டர்கள் பலவற்றில் போர்ட்டே 100 மெகாபிட்தான். அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.)

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும். 1, 2 பின்களில் ஒன்று, 3, 6 பின்களில் மற்றொன்று. ஒன்று அனுப்ப, ஒன்று பெற. நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் சும்மா கிடக்கும். 1999-இல் வந்த ஜிகாபிட் தரம் நான்கு ஜோடிகளையும் பயன்படுத்துகிறது. ஒவ்வொன்றிலும் 250 மெகாபிட், அதுவும் ஒரே நேரத்தில் இரு திசைகளிலும். ஆகவே பழுப்பு ஜோடியில் ஒரே ஒரு கம்பி அறுந்தாலும் ஜிகாபிட் நடக்காது. 100 மெகாபிட் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும்.

கேபிளைச் செருகியதும் இரு முனைகளும் "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. ஏறக்குறைய 16 மில்லிநொடிக்கு ஒருமுறை சிறு துடிப்புகளின் கொத்து ஒன்று போகும். வேகமும் மற்ற விவரங்களும் அதில்தான் அடங்கியிருக்கும். இந்தப் பேச்சு முழுவதும் நல்ல நிலையில் இருக்கும் அந்த இரண்டு ஜோடிகளிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் இரு முனைகளும் ஜிகாபிட்டுக்கு ஒத்துக்கொள்கின்றன. பிறகு நான்கு ஜோடிகளிலும் சிக்னலைச் சீர்செய்ய முயலும்போது தோற்று, பேச்சை முதலிலிருந்து தொடங்குகின்றன. சில சிப்கள் சில தடவை முயன்றுவிட்டுத் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும். அந்த வசதி இல்லாதவை முடிவில்லாமல் சுற்றும். சில நொடிக்கொருமுறை "கேபிள் துண்டிக்கப்பட்டது" என்ற அறிவிப்பு வந்து வந்து மறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

லேப்டாப்பில் இது அதிகம் நேர்வதற்கு எளிய காரணம் உண்டு. மேசைக் கணினி இருந்த இடத்திலேயே இருக்கும். லேப்டாப்பை நகர்த்துகிறோம், திருப்புகிறோம், கேபிளைத் தினமும் பிடுங்கிச் செருகுகிறோம். பிளக்கின் பிளாஸ்டிக் கிளிப் உடைந்த பிறகும் அதே கேபிளைப் பயன்படுத்துகிறோம். பாதி அறுந்த கம்பி, லேப்டாப் ஒரு கோணத்தில் இருக்கும்போது தொடும், சற்று நகர்ந்தால் விடும். முழுக்க அறுந்ததைவிட இந்தப் பாதி அறுந்த கேபிள்தான் அதிக நேரத்தை விழுங்குகிறது. கிளிப் உடைந்த கேபிளை ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ளாமல் தூக்கிப்போடுவதே நல்லது.

இனி, போர்ட்டின் விளக்கு அணையவே இல்லை, வேகமும் 1 ஜிகாபிட் என்றே காட்டுகிறது, ஆனாலும் வீடியோ அழைப்பு சிதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரவு ஃபிரேம் எனப்படும் சிறு பொட்டலங்களாகத்தான் கேபிளில் போகிறது. ஒவ்வொரு ஈதர்நெட் ஃபிரேமின் கடைசியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. பெறும் முனை அதைத் தானும் கணக்கிட்டுப் பார்க்கும். ஒரு பிட் மாறியிருந்தாலும் ஃபிரேம் முழுவதையும் எறிந்துவிடும், அனுப்பியவருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. காணாமல்போனதை டிசிபி (தரவு முழுதாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் இணைய விதிமுறை) கண்டுபிடித்து மறுபடி அனுப்பும். ஆனால் வழக்கமான டிசிபி, இழப்பை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு தன் வேகத்தையும் குறைத்துவிடும். பழைய டிசிபி முறைக்கு 1997-இல் வந்த ஒரு சூத்திரம், வேகம் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்கிறது. போய்வர 20 மில்லிநொடி ஆகும் பாதையில் நூற்றுக்கு ஒரு பேக்கெட் தொலைந்தால், ஜிகாபிட் கேபிளிலும் ஓர் இணைப்புக்கு 7 மெகாபிட் அளவுதான் கிடைக்கும்.

இந்த நிலையில் பிங் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்து பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். விண்டோஸ் பிங் வெறும் 32 பைட் தரவு அனுப்புகிறது. ஃபிரேமாக அது 78 பைட். முழு அளவு ஃபிரேம் 1518 பைட். எங்கோ ஒரு பிட் கெடும் வாய்ப்பு இதில் ஏறக்குறைய இருபது மடங்கு. எனவே பிங் அளவை 1400 பைட்டாக உயர்த்தி, சில நூறு தடவை ரௌட்டருக்கே அனுப்புங்கள். இணையத்தில் எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பினால் குற்றம் யாருடையது என்று தெரியாது. கூடவே பிழைக் கணக்கையும் பாருங்கள். விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளையுடன் "-e" சேர்த்தால் கிடைக்கும். லினக்ஸில் ஈத்டூல் இன்னும் விரிவாகத் தரும். எண் எவ்வளவு என்பதைவிட, கோப்பு நகலெடுக்கும்போது அது ஏறுகிறதா என்பதே முக்கியம். இன்னொன்று: பிழையை எண்ணுவது பெறும் முனை. லேப்டாப் அனுப்பும் திசையில் கெடுவதெல்லாம் மறுமுனையில் இருக்கும் ரௌட்டர் அல்லது சுவிட்சின் கணக்கில்தான் ஏறும். லேப்டாப்பில் பூஜ்யம் என்பதால் கேபிள் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது.

பிழை ஏறுகிறது, ஆனால் கம்பிகளைச் சோதிக்கும் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது என்றால், கையால் கிரிம்ப் செய்த (கருவியால் அழுத்திப் பொருத்திய) பிளக்கை உற்றுப் பாருங்கள். ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் சிக்னல் எதிரெதிராக ஓடுகிறது. பெறும் முனை இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரு கம்பிகளையும் சமமாகத் தாக்குவதால் கழித்தலில் காணாமல்போகிறது. சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நடுவில் பச்சை ஜோடி பிரிந்து நீல ஜோடியை அணைத்து நிற்பது பார்க்க விநோதமாக இருப்பதால், நிறங்களை நேராக அடுக்கிவிடுகிறார்கள். இரு முனையிலும் அப்படியே அடுக்கினால் டெஸ்டர் திருப்தியடையும். ஆனால் 3, 6 பின்களில் வெவ்வேறு ஜோடிகளின் கம்பிகள் வந்து நிற்கும். முறுக்கு இருந்தும் பயனில்லை; இரைச்சல் கழிவதில்லை. செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். நீளக் கணக்கில் விலை மலிவு என்று அதை வாங்காதீர்கள்.

அலுவலகங்களில் டூப்ளெக்ஸ் முரண்பாடும் வரும்; ஒரே நேரத்தில் இரு திசைகளிலும் அனுப்பலாமா (ஃபுல்), முறை வைத்துத்தானா (ஹாஃப்) என்பதில் இரு முனைகளும் வேறுபடுவதே அது. 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஈதர்நெட் உருவானபோது எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்தன. வேறு யாரும் பேசவில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதன் மிச்சம் ஹாஃப் டூப்ளெக்ஸ். சுவிட்சில் யாரோ 100 ஃபுல் என்று கையால் நிலைநிறுத்தியிருந்தால் அது பேச்சுக்குப் பதில் தராது. லேப்டாப் வேகத்தை ஊகித்துவிடும், டூப்ளெக்ஸை ஊகிக்க முடியாமல் ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். பிங் போகும், பெரிய கோப்பு ஊர்ந்து போகும். இரு முனைகளையும் ஆட்டோவில் விடுவதே தீர்வு.

சும்மா இருந்த பிறகோ, தூக்கத்திலிருந்து எழுந்த பிறகோ மட்டும் இணைப்பு போனால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் "மின்சாரம் சேமிக்க அணைக்கலாம்" என்ற டிக்கை எடுத்துவிடலாம். எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்ற மின்சேமிப்பு அமைப்பையும் அணைத்துப் பார்க்கலாம்.

கம்பெனியில் தயாரான நல்ல கேபிள் ஒன்றை மாற்றியும், ரௌட்டரில் வேறு போர்ட்டில் செருகியும் அதே தொல்லை என்றால், லேப்டாப்பின் ஜாக்கே தளர்ந்திருக்கலாம். மதர்போர்டில் ஜாக்கைக் கழற்றி ஒட்டுவதைவிட யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் மலிவு. அதை யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள்; யுஎஸ்பி 2-இன் உச்சமே 480 மெகாபிட் என்பதால் அங்கே ஜிகாபிட் வேகம் கிடைக்காது.